தேங்கியது எடை மேசையில்: ஒன்ராறியோப் பூசணிப் பண்ணை ஒன்றின் நான்கு பருவங்கள்

பின்னணி

ரொறன்ரோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான தூரத்தில் உள்ள குடும்பப் பண்ணை இது. பெற்றோர், மகள், மருமகன் ஆகிய நால்வர் நடத்துகிறார்கள். நிலம் 140 ஏக்கர். பெரும்பகுதியில் சோளமும் சோயாவும் மாறி மாறி வரும். பூசணி 6 ஏக்கரில் மட்டும்.

பல ஆண்டுகளாக அந்தப் பூசணி சாலையோரத்தில் ஒரு மேசையிலும் அருகில் ஒரு காசுப் பெட்டியிலுமாக விற்றுத் தீர்ந்தது. பிறகு வேலியைத் திறந்து, வருகிறவர்கள் தாங்களே தோட்டத்துக்குள் போய்க் காயைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். இந்த ஆய்வு அப்படி மாற்றிய முதல் பருவத்திலிருந்து நான்காம் பருவம் வரை நடந்ததைப் பதிவு செய்கிறது.

இந்தத் தொழிலின் நாட்காட்டி மிகக் குறுகியது. தெற்கு ஒன்ராறியோவில் மண் சூடு 15 பாகையைத் தாண்டிய பின், மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ விதைப்பார்கள். வகையைப் பொறுத்து 90 முதல் 120 நாளில் காய் முற்றும். செப்டம்பர் கடைசியில் விற்பனை தொடங்கும். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள் என்பதால் அந்த நீண்ட வார இறுதிதான் உச்சம். அக்டோபர் 31, பூசணியில் முகம் செதுக்கி வாசலில் வைக்கும் ஹலோவீன். நவம்பர் 1 காலையில் அதே காய்க்கு விலை கிடையாது. ஆக மொத்தம் ஐந்து வார இறுதிகள், பத்துப் பதினொரு நாட்கள்.

வரிசைக்கு வரிசை 8 அடி, செடிக்குச் செடி 4 அடி என நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,360 செடி நிற்கும். விற்கத் தகுந்த காய் செடிக்கு ஒன்று அல்லது சற்றுக் கூடுதல். இந்தப் பண்ணையின் கணக்கு ஏக்கருக்கு 1,500 காய், 6 ஏக்கருக்கு 9,000. ஒரு கார்க் குடும்பம் சராசரியாக மூன்று காய் எடுத்தால் 3,000 கார்களோடு தோட்டம் காலி. இந்தப் பெருக்கலை மூன்றாம் பருவம் முடியும் வரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு பருவங்கள்

முதல் பருவத்தில் கூட்டம் சொற்பம். இரண்டாம் பருவத்தில் உச்ச நாளில் 80 கார் வரை வந்தது. தரிப்பிடம் சோயா அறுத்த தாள் நிலம். 150 கார் கொள்ளும் அளவுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் 4 மீட்டர் அகலப் பண்ணைப் பாதை ஒன்றுதான். வைக்கோல் கட்டுகள் அடுக்கிய வண்டி ஒன்றை டிராக்டர் இழுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வரும். இரண்டு வெள்ளாடுகள். வெளியேறும் இடத்தில் ஒரு மேசை, அதில் தராசு, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர். காயை எடை போட்டு, பவுண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள்.

80 கார் வருகிற நாளில் இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் தெரியாது. அதுதான் இதன் ஆபத்து.

அந்த ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டிய இரண்டு அறிகுறிகள் இருந்தன. தோட்டத்தின் தாழ்வான வடகிழக்கு மூலையில் மழை பெய்து மூன்று நாளாகியும் நீர் வடியவில்லை. செப்டம்பர் நடுவில் அங்கே சில கொடிகள் திடீரென வாடிச் சாய்ந்தன. தண்டுத் துளைப்பான் புழுவின் வேலை என்று நினைத்துவிட்டார்கள். பருவம் முடிந்து மிஞ்சிய காய்களையும் அழுகல்களையும் அதே மூலையில் குவியலாகக் கொட்டினார்கள்.

மூன்றாம் பருவம்: நீண்ட வார இறுதிச் சனிக்கிழமை

பருவத் தொடக்கத்தில் வந்த ஒருவர் எடுத்த அரை நிமிடக் காணொளி சமூக ஊடகத்தில் பரவியது. மாலை வெயில், கொடிகளுக்கிடையே செம்மஞ்சள் காய்கள், வண்டியில் குழந்தைகள். பண்ணைக்காரர்களுக்கு அது பரவியதே தெரியாது. வியாழனும் வெள்ளியும் மழை. சனி காலை வானம் வெளுத்தது.

வாயிலில் நின்ற மருமகன் கிளிக்கர் ஒன்றால் கார்களை எண்ணி மணிக்கு மணி குறித்து வைத்திருந்தார். அதனால்தான் அன்று நடந்ததைப் பிறகு அலச முடிந்தது. 10 முதல் 11 மணி வரை 60 கார், அடுத்த மணியில் 110, அதற்கடுத்த மணியில் 160.

எடை மேசையில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம். மூன்று காய்களைத் தூக்கி வைத்து, எடையைப் படித்து, கூட்டி, அட்டையைத் தேய்த்து, வெளியே விட அவ்வளவு ஆகும். இரண்டு பேர் சேர்ந்து மணிக்கு 60 குடும்பம். அதற்கு மேல் எவ்வளவு வேகமாகக் கை ஓடினாலும் 65ஐத் தாண்டாது.

முதல் குடும்பங்கள் சுற்றி முடித்து மேசைக்கு வந்தது 11:30 அளவில். பகல் 12 மணிக்கு 170 கார் உள்ளே வந்திருந்தது, 30 வெளியேறியிருந்தது. சில நிமிடங்களில் 150 கார்த் தரிப்பிடம் நிரம்பியது. 1 மணிக்கு உள்ளே 240 கார். 2 மணிக்கு மேசைக்கு முன் ஏறத்தாழ 100 குடும்பங்கள். வரிசையின் கடைசியில் இருந்தவர், 12 கிலோ காயை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நிற்க வேண்டியிருந்தது. கைவண்டிகள் எல்லாம் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டதால் தோட்டத்துக்குள் புதிதாகப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கினார்கள். காம்பு ஒடிந்தது. ஒடிந்ததைக் கீழே போட்டுவிட்டு வேறொன்றைத் தேடினார்கள். அன்று மாலை தோட்டத்தில் காம்பில்லாத காய் 400க்கு மேல் எண்ணப்பட்டது. காம்பு பிடுங்கிய இடம் திறந்த புண். அதன் வழியே சில நாளில் அழுகல் புகும். விற்க முடியாது.

தரிப்பிடம் நிரம்பியதும் கார்களைத் தோட்டத்தின் ஓரமாக, அந்தத் தாழ்வான மூலைக்கு அனுப்பினார்கள். மண் களிமண் கலந்தது, இரண்டு நாள் மழை குடித்தது. 17 கார் புதைந்தது. டிராக்டரை வைக்கோல் வண்டியிலிருந்து கழற்றிக் கார் இழுக்கக் கொண்டுபோனார்கள். சக்கரத் தடங்கள் 20 சென்டிமீட்டர் ஆழம் போயின. வெளியே ஊர்ச் சாலையின் இரு கரையிலும் கார் நிறுத்தத் தொடங்கினார்கள். 2:30க்குக் காவல்துறை வந்து நுழைவாயிலை மூடச் சொன்னது. கடைசிக் கார் வெளியேறியபோது இருட்டிவிட்டது.

யாருக்கும் காயமில்லை. இதைத் திறமையின் கணக்கில் எழுத முடியாது. வைக்கோல் வண்டி ஓடிக்கொண்டிருந்த கடைசிச் சுற்றில் கூட்டம் பாதையை அடைத்தது. நின்ற வண்டிக்கும் டிராக்டருக்கும் நடுவே, இணைப்புக் கம்பியைத் தாண்டி ஒரு சிறுவன் குறுக்கே புகுந்தான். ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்த்ததால் தப்பியது. வண்டியின் பின்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அங்கே இல்லை. அவரும் கார் இழுக்கப் போயிருந்தார்.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

ஞாயிறு திறப்பதா என்பதுதான் கேள்வி. அது ஆண்டின் மிகப் பெரிய விற்பனை நாள். மூன்று யோசனைகள் இருந்தன: வழக்கம்போல் திறப்பது, முழு வார இறுதியும் மூடுவது, ஞாயிறு மூடித் திங்கள் அளவாகத் திறப்பது. மூன்றாவதை எடுத்தார்கள். காரணங்கள் நடைமுறையானவை. தரிப்பிடத்தில் இன்னொரு நாள் கார் ஏறினால் மண் இறுகி அடுத்த ஆண்டுப் பயிரையும் பாதிக்கும். முற்றிய காய் தோட்டத்தில் குறைந்துவிட்டது, பச்சைக் காயைப் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதோடு, சாதாரணப் பண்ணைக் காப்பீடு காசு கொடுத்து வரும் பார்வையாளர்களைப் பெரும்பாலும் உள்ளடக்காது என்பதை மகள் அன்றிரவுதான் பத்திரத்தை எடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டார். ஒன்ராறியோச் சட்டப்படி நிலத்தை வைத்திருப்பவர் அங்கே வருகிறவர்களின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுத்தாக வேண்டும். வருகிறவர்களைக் காப்பீட்டில் சேர்க்கும் கூடுதல் பத்திரம் அந்த வாரமே வாங்கப்பட்டது.

இன்னொரு முடிவில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பக்கத்து ஊர் விவசாயியிடம் பெரிய அட்டைத் தொட்டிகளில் அறுத்த காய் கிடைத்தது. அதை வாங்கி இரவோடு இரவாகத் தோட்டத்தில் பரப்பிவிட்டால் வருகிறவர்களுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. தாய் மறுத்தார். வாங்கிய காய் வாயிலருகே தொட்டியிலேயே, ‘வேறு பண்ணையில் விளைந்தது’ என்ற பலகையோடு வைக்கப்பட்டது. பாதி விற்றது. சரியான முடிவுதான். ‘தோட்டத்தில் நீங்களே எடுங்கள்’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களிடம் அந்தச் சொல்லைத் தவிர வேறு சரக்கு இல்லை.

திங்களன்று 200 கார் என்ற வரம்போடு திறந்தார்கள். நேரம் மிச்சப்படுத்தத் தராசை எடுத்துவிட்டு, சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று விலை மட்டும் வைத்தார்கள். அதே மேசை, அதே இரண்டு பேர். ஒரு குடும்பத்துக்கு 40 வினாடி ஆனது. வரிசை பத்துப் பேரைத் தாண்டவில்லை. கார் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் 40 வினாடி என்றால் மணிக்கு 180 குடும்பம், சனிக்கிழமையின் உச்ச மணியைவிடக் கூடுதல். சனியன்று தராசை மட்டும் எடுத்திருந்தால் தரிப்பிடம் நிரம்புவது சற்றுத் தள்ளிப் போயிருக்கும், தாழ்ந்த மூலைக்குப் போன கார்கள் குறைந்திருக்கும். அதுவரை எல்லோரும் தரிப்பிடம் போதவில்லை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம்: அழுகல்

செவ்வாய் முதல் படங்கள் வரத் தொடங்கின. வீட்டுப் படியில் வைத்த பூசணி நாலைந்து நாளில் உள்வாங்கிச் சரிந்தது. முற்றிய, காம்புள்ள காய் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். படங்களில் காயின் அடிப்பக்கத்தில், தரையில் கிடந்த பக்கத்தில், நீர் கோத்த வட்டமும் அதன்மேல் மா தூவினாற்போல் வெள்ளைப் படலமும் தெரிந்தன.

பல்கலைக்கழகப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். முடிவு ஃபைட்டோஃப்தோரா கேப்சிசி. பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சையல்ல, நீர்ப்பாசி வழியைச் சேர்ந்த நுண்ணுயிர். அதன் நீந்தும் வித்துகள் தேங்கிய நீரில் பரவும். தடித்த சுவருள்ள ஓய்வு வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். பூசணிக் குடும்பம் முழுவதையும், மிளகாய், தக்காளி, கத்தரியையும் தாக்கும். இரண்டாம் பருவத்தில் வாடிய கொடிகள் இதனால்தான் வாடியிருக்க வேண்டும். அழுகல்களை அங்கேயே கொட்டியது நோய்க்கு விதை போட்டது போலாயிற்று.

17 காரும் புதைந்தது அந்த மண்ணில். சக்கரத்தில் ஒட்டிய சேறு பண்ணைப் பாதை நெடுகிலும் உதிர்ந்தது. பாதைக்கு ஒட்டிய வயல்தான் அடுத்த ஆண்டுப் பூசணிக்கு ஒதுக்கியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

மூலையில் ஒன்றரை ஏக்கரைக் கயிறு கட்டி அடைத்தார்கள். அங்கே மிஞ்சிய காய் ஒன்றும் விற்கப்படவில்லை. அதற்குள் போன டிராக்டரை உயர் அழுத்த நீரால் கழுவாமல் வேறு வயலுக்குக் கொண்டுபோகவில்லை. புகார் சொன்னவர்களுக்குக் கேள்வி கேட்காமல் வேறு காயோ பணமோ கொடுத்தார்கள்.

நான்காம் பருவத்துக்கு மாற்றியவை

தோட்டம் பண்ணையின் எதிர்ப்புறச் சரிவுக்கு மாறியது. நிலத்தடி வடிகால் குழாய் போட்டது, பூசணிக் குடும்பப் பயிரோ மிளகாய் வகையோ கண்டிராத நிலம். சோயா அறுத்ததும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில், குளிரைத் தாங்கும் தானியமான ரையை மண்ணை மூடும் பயிராக விதைத்தார்கள். வசந்தத்தில் அது இடுப்பளவு வளர்ந்த பிறகு களைக்கொல்லியால் கொன்று உருளையால் சாய்த்தார்கள். அந்த வைக்கோல் விரிப்பைக் கிழித்துக்கொண்டு ஜூன் முதல் வாரத்தில் பூசணி விதை இறங்கியது. மழைத்துளி மண்ணைக் காயின்மேல் தெறிக்காது, காய் கழுவ வேண்டாத அளவு சுத்தமாக இருக்கும், வருகிறவர்கள் சப்பாத்தில் சேறு ஏறாது.

இதற்கும் விலை இருந்தது. விரிப்பின் கீழ் மண் தாமதமாகச் சூடேறியதால் முளைப்பு ஒரு வாரம் பிந்தியது. மக்கும் ரை தழைச்சத்தை இழுத்துக்கொண்டதில் ஜூலைத் தொடக்கத்தில் இலைகள் வெளிறின. வரிசையோரம் மேலுரம் போட்ட பிறகே தேறியது. ரை பிந்தி விதைத்ததால் விரிப்பு சில இடங்களில் மெலிதாக இருந்தது, அங்கே களை முட்டியது.

காயை யார் வெட்டுவது என்பதும் மாறியது. வார இறுதிக்கு மூன்று நாள் முன்பே பணியாட்கள் முற்றிய காய்களைக் கொடியிலிருந்து வெட்டி, 10 சென்டிமீட்டர்க் காம்போடு, விளைந்த இடத்திலேயே விட்டார்கள். நகத்தால் அழுத்தினால் தோல் குழியக் கூடாது என்பதே சோதனை. கத்தரிக்கோல் குழந்தைகள் கையில் போகாது, பச்சைக் காய் போகாது, வெட்டு வாய் வெயிலில் காய்ந்து ஆறும். வாயிலிலும் வரிசைத் தொடக்கத்திலும் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று படத்தோடு பலகை. கைவண்டி 20 என்பது 70 ஆனது.

நுழைவு நேரச் சீட்டாக மாறியது. 2020ல் தொற்றுக் காலத்தில் பல பண்ணைகள் தொடங்கிய முறை இது. கணக்கு எளிது: உள்ளே நிற்கும் கார் என்பது மணிக்கு வரும் காரையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. புதிய தரிப்பிடம் மேட்டுப் புல் நிலத்தில் 180 கார். தங்கும் நேரம் இரண்டேகால் மணி என்று வைத்து, அரை மணிக்கு 35 கார் விட்டால் உள்ளே நிற்பது 158. மிச்சம் 22 இடம் பிந்திப் போகிறவர்களுக்கு. காலை 10 முதல் மாலை 3:30 வரை 12 நுழைவுகள், நாளைக்கு 420 கார். வெளியேற நகராட்சி அனுமதியோடு பக்கச் சாலைக்குத் தனி வாயில் திறந்து சரளை போட்டார்கள்.

தராசு திரும்ப வரவில்லை. அதன் இடத்தில் ஒட்டுப் பலகை ஒன்று. அதில் 20, 28, 36 சென்டிமீட்டர் வட்டங்களாக மூன்று துளை. காய் எந்தத் துளையில் நுழைகிறதோ அந்த விலை. நடுத்தரக் காய் ஒன்று நுழைவுச் சீட்டிலேயே அடங்கும். அதனால் பாதிப் பேர் மேசையில் நிற்காமலே போனார்கள். பிள்ளைகளுக்குத் துளையில் காயைத் தள்ளிப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. அதில் கொஞ்சம் நேரம் போனது, யாரும் தடுக்கவில்லை.

வைக்கோல் வண்டி நடை வேகத்தில், 20 பேரோடு, எல்லோரும் உட்கார்ந்த பிறகே கிளம்பும். இணைப்பு ஊசிக்குப் பூட்டு, அதற்கு மேல் பாதுகாப்புச் சங்கிலி. பின்னால் ஓர் ஆள், எந்த வேலைக்கும் அவரை எடுக்கக் கூடாது. ஆடுகளைத் தின்பண்ட மேசையிலிருந்து தள்ளி, வெளியேறும் வழியில் சவர்க்காரமும் ஓடும் நீரும் வைத்தார்கள். ஈ. கோலை கிருமியுள்ள ஆட்டுச் சாணம் ஒட்டிய கையில் கை சுத்திகரிப்புத் திரவம் போதாது.

விளைவு

நீண்ட வார இறுதிச் சனிக்கிழமைக்கு 420 சீட்டும் விற்றன, 390 கார் வந்தது. மேசை வரிசையின் மிகக் கூடிய நீளம் 11 குடும்பம். தரிப்பிடம் ஒருபோதும் நிரம்பவில்லை. காம்பு ஒடிந்த காய் அன்று 40க்கும் குறைவு. புதிய தோட்டத்தில் நோய் தெரியவில்லை. முளைப்புப் பிந்தியதால் முதல் வார இறுதியில் முற்றிய காய் போதாமல் நுழைவைப் பாதியாக்க வேண்டியிருந்தது. மொத்த வருமானம் முந்தைய பருவத்தைவிடக் கூடியது. சரளை, வாயில், காப்பீடு கழித்தால் மிச்சம் ஏறத்தாழ அதே அளவுதான்.

புதிய முறையால் புதிய மனக்குறையும் வந்தது. ஸ்காபரோ, மார்க்கம் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு காரில் வருவதில்லை. அம்மம்மா ஒரு காரில், சித்தப்பா குடும்பம் இன்னொன்றில், சாப்பாட்டுப் பெட்டி மூன்றாவதில். மூவரும் வெவ்வேறு நேரச் சீட்டு எடுத்துவிட்டு, வாயிலில் ஒருவருக்காக ஒருவர் நின்றார்கள். பருவ நடுவில் மூன்று கார் வரை ஒன்றாக எடுக்கும் குழுச் சீட்டு சேர்க்கப்பட்டது.

அதே குடும்பங்களில் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று: இதைக் கறி வைக்கலாமா? முகம் செதுக்க வளர்க்கும் பெரிய செம்மஞ்சள் காய் தின்னக் கூடாததல்ல. ஆனால் சதை மெல்லிது, நார் ஓடியது, வேகவைத்தால் நீர் விட்டுக் கரையும், இனிப்பில்லை. சமையல் பூசணி என்று நினைத்துக் கறி வைத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அரை ஏக்கரில் சோதனையாகப் போட்ட சிறிய இனிப்புப் பூசணியும் கபோச்சா என்ற கரும்பச்சை ஜப்பானியப் பூசணியும் இரண்டாம் வார இறுதியிலேயே தீர்ந்தன. அலங்காரத்துக்கு விற்கும் கைப்பிடியளவு வண்ணச் சுரைகளுக்கு மட்டும் ‘உண்ணக் கூடாது’ என்ற பலகையைத் தமிழிலும் எழுதி வைத்தார்கள். அவற்றில் கசப்புப் பொருள் இருக்கும். கசக்கிற பூசணியையோ சுரையையோ சமைத்தாலும் அது போகாது, வயிற்றைக் கெடுக்கும்.

இனி மாற்ற நினைப்பவை

ரை செப்டம்பரிலேயே விதைக்கப்படும், அதற்காக அந்த வயலில் குறுகிய நாள் சோயா வகை போடுவார்கள். பூசணியை இரண்டு தவணையாக, பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் முதல் வார இறுதிக்கு முற்றியதும் கடைசி வார இறுதிக்குப் புதியதும் கிடைக்கும். சமையல் வகைகள் ஒரு ஏக்கராகும்.

மழை நாளுக்கு வழி இன்னும் சரியாகவில்லை. சீட்டை அதே பருவத்தின் எந்த வார நாளிலும் பயன்படுத்தலாம் என்றார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வார நாள் உதவாது, பணம் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கென்று ஒரு ஞாயிறு காலையை விற்காமல் ஒதுக்கி வைக்கலாமா என்று பார்க்கிறார்கள்.

வாயிலில் சப்பாத்துத் தேய்க்கும் தூரிகைப் பலகை வரப் போகிறது. மற்றப் பண்ணைக்குப் போய்விட்டு அதே நாளில் இங்கே வருகிறவர்கள் உண்டு, சேறும் அவர்களோடு வரும். மிஞ்சிய காய்களில் நல்லவை அயல் மாட்டுப் பண்ணைக்குப் போகும். அழுகியவை வயலுக்குத் திரும்பாமல் குப்பை ஏற்றும் வண்டியில் வெளியேறும். அதற்கான செலவு இப்போதே கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

வடகிழக்கு மூலையில் புல் விதைத்திருக்கிறார்கள். நான்கு முனையிலும் ஆரஞ்சுத் தலைக் குச்சிகள் நிற்கின்றன. விதைக்கருவி அந்தக் கோட்டை அடைந்ததும் திரும்பிவிடுகிறது.